மலைக்குள் ஒரு முக்காலி

பங்குத்தந்தையின் நாற்காலியில் ஒரு மோதிரம் உட்கார்ந்திருந்தது.

பூசையின் நடுவே அவர் சற்று அமர்வதற்காகப் பீடத்துக்கு அருகில் போட்டிருக்கும் நாற்காலி அது. காலைப் பூசையில் உட்காரப் போனவர், என்னவோ குத்துகிறதே என்று எழுந்து பார்த்தார். ஊதாக் காகிதத்தில் சுற்றிய சிறு பொட்டலம். உள்ளே ஒரு கல்யாண மோதிரம், பெண் விரலுக்கு உரியது. காகிதத்தில் ஒரு வார்த்தை கூட எழுதியிருக்கவில்லை. திட்டியாவது எழுதியிருந்தால் மனசு இவ்வளவு அடித்துக்கொண்டிருக்காது.

"இதோட நாலு," என்றார் மேடம்.

மேடத்துக்கு ஒரு காலத்தில் இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. எரிந்துபோன கடையைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, எரியாத சரக்கு எந்த மச்சான் வீட்டில் இருக்கிறது என்று சொல்லிவிடுவார். அதனாலேயே கம்பெனியின் பெரிய வாடிக்கையாளர்களுக்கு அவரைப் பிடிக்காமல் போய், சீக்கிரமே ஓய்வு கொடுத்து மாலை போட்டு அனுப்பினார்கள். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். கூட இருப்பவன் ரேடியோ. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அணைக்கிற பொத்தான் இல்லாத காரணத்தால் ஊர் வைத்த பெயர் இது.

பூசை உடுப்புகள் தொங்கும் அறையில் பங்குத்தந்தை எதிரே உட்கார்ந்திருந்தார். வயதானவர். கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலத்து ஊதா மேலாடையைக் கழற்றி மடித்துக் கொண்டிருந்தார்.

"உங்களைக் கூப்பிட்டது டெய்லரம்மா. நான் இல்ல," என்றார் அவர். "என்னால உங்களுக்கு ஒரு உபயோகமும் கிடையாது மேடம். பாவசங்கீர்த்தனத்துக்கு யார் வந்தாங்க, என்ன சொன்னாங்க, எதையும் நான் சொல்லக்கூடாது. வரலைன்னு கூட சொல்லக்கூடாது."

"சாயங்காலம் விசாரணைக்கு வர்ற ஆயரோட செயலர் கேட்டா?"

"அவர்கிட்டயும் அதேதான்."

"உங்களை அனுப்பிடுவாங்க ஃபாதர்."

"கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே அனுப்பிடுவாங்க. முதியோர் இல்லத்துல ஒரு கட்டில் காலியா இருக்காம், விசாரிச்சு வெச்சிருக்காங்க." அவர் மேலாடையை அலமாரியில் வைத்தார். "அது பரவாயில்ல. நான் சாகற வரைக்கும் இந்த ஜனங்க, நம்ம பாவத்தை இந்த ஆள் வெளிய வித்தான்னு நினைச்சுக்கிட்டே இருப்பாங்க. இனிமே எந்தப் பாவசங்கீர்த்தனப் பெட்டியிலயும் மண்டி போட மாட்டாங்க. அதுதான் என்னைத் தூங்க விடல."

அவருடைய இடப்பக்கம் நின்றிருந்த ரேடியோ, "ஃபாதர், எதையுமே வெளிய சொல்லாம இருக்கறது எப்படின்னு என் பொண்டாட்டிக்கு மட்டும் ஒரு வகுப்பு எடுங்களேன்," என்றான்.

பங்குத்தந்தை சிரிக்கவில்லை, முறைக்கவில்லை, திரும்பவும் இல்லை. மேலாடையின் மடிப்பை நீவிக் கொண்டிருந்தார்.

ரேடியோவுக்கு மனசு விட்டுப்போயிற்று. வெளியே வந்ததும், "நல்ல ஜோக்கு மேடம், வீணாப் போச்சு," என்றான்.

"வீணாப் போகல," என்றார் மேடம். "வா, டெய்லரம்மாவைப் பாக்கலாம்."

*

நடந்தது இதுதான். இரண்டு வாரம் முன்பு, கோயிலில் தான் வழக்கமாக உட்காரும் பெஞ்சில், முழங்கால் பலகையின் மேல் டெய்லரம்மா ஒரு பொட்டலத்தைக் கண்டார். ஊதாக் காகிதத்துக்குள் அளவு நாடாவின் ஒரு துண்டு. கோயிலுக்கு வருகிறவர்களுக்குப் பட்டா போட்டுக் கொடுத்த மாதிரி ஆளுக்கொரு இடம் உண்டல்லவா. அதனால் பொட்டலம் விலாசம் தவறிப் போகாது. அந்த அம்மாள் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு அன்றைக்கு நற்கருணை அப்பம் கூட வாங்காமல் வீட்டுக்கு ஓடினார். அடுத்து மருந்துக்கடைக்காரர். அவர் இடத்தில், அதே ஊதாக் காகிதத்துக்குள், லேபிள் சுரண்டப்பட்ட ஒரு காலி மருந்துச் சீசா. அன்றிலிருந்து அவர் கடை திறக்கவில்லை. சாப்பாட்டையும் சரியாகத் தொடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார்.

ஊர் கூட்டிக் கழித்துப் பார்த்தது. இரண்டு பேரும் அதற்கு முன்தினம்தான் பாவசங்கீர்த்தனம் செய்திருந்தார்கள். கேட்டவர் ஒரே ஒருவர்.

அடுத்த ஞாயிறு, குடிலின் காலித் தீவனத்தொட்டியில் ஒற்றைச் செருப்பு கிடந்தது. குழந்தை இயேசுவைக் கிறிஸ்துமஸ் இரவுதான் வைப்பார்கள். அதுவரை காலியாக இருக்க வேண்டிய தொட்டி. அந்தச் செருப்பைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, "இது என் பாவம், என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டார்கள்" என்று முழங்கியவர் பங்குப்பேரவைத் தலைவர். மரக்கடை முதலாளி. அவர் மைக் முன் நின்றால் மைக்குக்குத்தான் ஆபத்து. ஆயர் இல்லத்துக்குத் தொலைபேசியில் புகார் சொன்னதும் அவரேதான்.

டெய்லரம்மாவின் கடை கோயிலுக்கு எதிரே. கிறிஸ்துமஸ் நாடகத்துக்காகச் சம்மனசுகளின், அதாவது தேவதூதர்களின், இறக்கைகள் ஒரு மூலையில் குவிந்திருந்தன. தலையில்லாத இறக்கைகளை அத்தனையாகப் பார்க்க ரேடியோவுக்கு என்னவோ போல் இருந்தது.

"உங்க பாவம் என்னன்னு நான் கேக்கப் போறதில்ல," என்றார் மேடம். "எந்தப் பக்கம் மண்டி போட்டீங்க? அதை மட்டும் சொல்லுங்க."

தையல் மிஷின் நின்றது.

"எதுக்குக் கேக்கறீங்க?"

"இடது பக்கமா?"

டெய்லரம்மா தெருவைப் பார்த்தார், கத்தரிக்கோலைப் பார்த்தார், கடைசியில் வேறு வழியில்லாமல் மேடத்தைப் பார்த்தார். "எல்லாரும் அந்தப் பக்கம்தான் மேடம். அதாவது, கொஞ்சம் கனமா ஏதாவது வெச்சிருக்கறவங்க. கோபம், சின்னப் பொய், பூசைக்கு லேட்டு, இதெல்லாம் வலது பக்கம். அந்த மாதிரி இல்லைன்னா இடது பக்கம். ஃபாதருக்கு அந்தக் காது சுத்தமா கேக்காது. அவருக்கே அது நமக்குத் தெரியும்னு தெரியாது."

"ஆக, சில்லறை பாவத்துக்குத் திறந்த கவுண்டர், மொத்த வியாபாரத்துக்கு மூடின கவுண்டர்," என்றான் ரேடியோ.

"ஆண்டவர் கேட்டுட்டார். ஃபாதர் மன்னிச்சுட்டார். நடுவுல யாருக்கும் சங்கடம் இல்ல. இதுல என்ன தப்பு?"

"மருந்துக்கடைக்காரர்?"

"அவரும் இடது. எனக்கு முன்னாடி அந்த வரிசையிலதான் நின்னார்."

"தலைவர்?"

கவலையை மீறி டெய்லரம்மாவின் உதடு கோணியது. "அவரா? எப்பவும் வலதுதான். 'எனக்கு மறைக்க ஒண்ணுமில்ல'ன்னு சொல்லிட்டே போவார். ஒரு ஏழைக்குச் செருப்பைக் கழட்டிக் கொடுத்தாராம், அதுல கொஞ்சம் கர்வம் வந்துடுச்சாம். அதான் அவர் பாவம். வெளிய வரிசையில நின்ன எங்களுக்கே கேட்டுது."

மேடம் எழுந்துவிட்டார். தெருவைத் தாண்டும்போது ரேடியோ பின்னாலேயே ஓடினான்.

"புரிஞ்சுதா?" என்றார் மேடம், திரும்பாமல்.

"புரிஞ்சுது மேடம். நான் கிறிஸ்தவனாகணும்னா இந்தப் பங்குலதான் ஆகணும்."

"வெளிய வந்த ரெண்டு ரகசியமும் ஃபாதரோட செவிட்டுக் காதுல சொன்னது. அவர் காதுலயே விழாத விஷயத்தை அவர் எப்படி வெளிய சொல்வார்? கேட்டது வேற ஒரு காது. அந்தக் காது இடது பக்கம் இருக்கு."

ரேடியோ பாதித் தெருவில் நின்றுவிட்டான். "இடது பக்கம் என்ன இருக்கு மேடம்?"

"மலை," என்றார் மேடம்.

*

தலைவர் கட்டிய மலை. போன வருஷம் வரை குடில் என்றால் ஒரு மேசையளவு கொட்டகை. இந்த வருஷம் தலைவர் மரக்கடையிலிருந்து சட்டங்களை இறக்கி, அவற்றின் மேல் பழுப்புக் காகிதமும் சாக்கும் போர்த்தி, ஜன்னலை மறைக்கிற உயரத்துக்கு ஒரு மலையை எழுப்பியிருந்தார். "பெத்லகேம் சின்ன ஊர் தலைவரே" என்று பங்குத்தந்தை சொல்லிப் பார்த்தார். அதே மாதத்தில், பீடத்தின் அடியில் தலைவர் பெயரைப் பொறித்த சலவைக்கல் வைக்க முடியாது என்றும் சொல்லியிருந்தார். ஒரே மாதத்தில் ஒரே மனிதரிடம் இரண்டு முறை முடியாது என்று சொன்ன ஆள் அந்த வட்டாரத்தில் அவர் ஒருவர்தான்.

மலைக்கு இடம் போதவில்லை என்று பாவசங்கீர்த்தனப் பெட்டியைத் தள்ளினார்கள். நடுவே குரு உட்கார, இரண்டு பக்கமும் ஆட்கள் மண்டியிட, மூன்று அறை கொண்ட பழைய மரப்பெட்டி. அதன் இடது விலா இப்போது மலையின் வயிற்றில் ஒட்டிக்கொண்டிருந்தது.

மதிய நேரம். கோயிலில் யாரும் இல்லை. மேடம் மலையின் பின்பக்கம் போய், சுவருக்கும் சாக்குக்கும் நடுவே கையை விட்டுத் துழாவினார். சாக்கு ஓரிடத்தில் திரை மாதிரி விலகியது. உள்ளே, ஒரு ஆள் ஒருக்களித்து நுழையுமளவு ஓட்டை.

"தலைவர்தான் மேடம்," என்று கிசுகிசுத்தான் ரேடியோ.

"இதுக்குள்ள அவர் நுழைவாரா?"

ரேடியோ ஓட்டையைப் பார்த்தான். தலைவரின் சுற்றளவை மனக்கண்ணால் பார்த்தான். "நுழையலாம். அப்புறம் மலைக்குப் பிரசவம் பார்க்க டாக்டரைக் கூப்பிடணும்."

"நீ போ."

உள்ளே இருட்டு. காகிதத்தின் கீறல்கள் வழியே கொஞ்சம் வெளிச்சம் கசிந்தது. அலங்கார பல்புகளின் ஒயர்கள் தலையில் உரசின. ஒரு முக்காலி போடப்பட்டிருந்தது. அதன் மேல் பூப்போட்ட மெத்தைத் தலையணை ஒன்று. பக்கத்தில் ஊதாக் காகிதச் சுருளும் கத்தரிக்கோலும். எல்லாம் ஒழுங்காக, சமையலறை மாதிரி அடுக்கி வைத்திருந்தது. அதுதான் அவனைப் பயமுறுத்தியது. இங்கே யாரோ வேலைக்கு வருகிற மாதிரி வந்திருக்கிறார்கள்.

முக்காலியில் உட்கார்ந்து காதைச் சாய்த்தான். பெட்டியின் பிரம்புத் தட்டி அவன் கன்னத்தில் பட்டது.

அந்தப் பக்கம் மேடம் மண்டியிட்டு, தனக்குத்தானே சொல்வது போல, உதடு மட்டும் அசைய முணுமுணுத்தார். "போன மாசம் ரேடியோ கேட்ட லீவுக்கு நம்ம ஆபீஸ் விதி இடம் கொடுக்காதுன்னு சொன்னேன். அப்படி ஒரு விதியே கிடையாது."

"ஒரு எழுத்து விடாம கேக்குது மேடம்," என்றான் ரேடியோ, பல்லைக் கடித்துக்கொண்டு.

"நல்லது. இன்னொரு விஷயம் கவனி. மத்த மூணும் ஊதாக் காகிதத்துல சுத்தி, யாருக்கோ அவங்க இடத்துல, மத்தவங்க கண்ணுல படாம வெச்சது. செருப்பு மட்டும் திறந்த தொட்டியில, ஊருக்கே தெரியற மாதிரி. அது வேற கை. வலது பக்கம் சொன்ன பாவம் மலைக்குள்ள கசிய வேண்டிய அவசியமும் இல்ல. தலைவர் தானே கொண்டு வந்து போட்டுக்கிட்டது."

"அப்ப முக்காலியில உக்காந்தது?"

"ஒல்லியா ஒருத்தர். மலைக்குள்ள ஒயர் சரி பண்றேன்னு போனா யாரும் கேக்காத ஒருத்தர். நீ உள்ளேயே தேடு, நான் ஃபாதரைப் பாத்துட்டு வரேன்."

அவருடைய காலடி தேய்ந்து மறைந்தது. ரேடியோ கையால் தரையைத் தடவிக் கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் காலடிச் சத்தம் திரும்பி வந்தது. பெட்டியின் நடுக்கதவு திறந்து மூடியது. மேடம் இப்போது நடுவே உட்கார்ந்து சோதிக்கிறார் போலும் என்று நினைத்து, அந்த லீவைப் பற்றி ஒரு ஜோக்கைத் தயார் செய்துகொண்டு வாயைத் திறந்தான்.

"ஃபாதர்," என்றது தலைவரின் குரல்.

ரேடியோவின் வாய் திறந்தபடியே நின்றது.

"நடு மத்தியானத்துல கூப்பிட்டதுக்கு மன்னிக்கணும். பாவசங்கீர்த்தனம் கேக்கறவனை எந்தக் குருவும் திருப்பி அனுப்பக்கூடாதில்ல. சட்டம் எனக்குத் தெரியும்." வலது பக்கத்துப் பலகை அவர் எடையில் முனகியது. "இனிமே நான் சொல்லப் போறதை நீங்க யார்கிட்டயும் வாயைத் திறக்க முடியாது. அதுவும் எனக்குத் தெரியும்."

ரேடியோ இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டான். ஆனால் அது மரக்கடையின் இரைச்சலுக்கு மேலே கேட்கும்படி வளர்க்கப்பட்ட குரல். எழுந்து ஓடலாம் என்றால் முக்காலி கிரீச்சிடும், ஒயர் விழும், மேய்ப்பர்கள் கவிழ்வார்கள். எனவே உட்கார்ந்திருந்தான். அந்த இருட்டில் அவன் கேட்டது இங்கே எழுதப்படாது. கையடக்க நாவலுக்கும் ஒரு மானம் உண்டு.

*

தலைவர் போகும்போது கோயில் வாசலில் மேடத்தைப் பார்த்துக் கைகூப்பினார். முகத்தில் குளித்துவிட்டு வந்த பளபளப்பு.

"மலை நல்லா இருக்கா மேடம்? சுத்திச் சுத்திப் பாத்துட்டு இருந்தீங்களே."

"உள்ள இன்னும் நல்லா இருக்கு," என்றார் மேடம்.

"சாயங்காலம் விசாரணைக்கு வாங்க. ஃபாதர் பேச மாட்டார்." நிதானமாகப் புன்னகைத்தார். "இப்ப சுத்தமாவே பேச மாட்டார்."

மேடத்துக்கு ஒரு நொடியில் விளங்கியது. உள்ளே விரைந்தார். பங்குத்தந்தை பெட்டிக்கு வெளியே, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். மலையின் பின்னாலிருந்து ரேடியோ ஊர்ந்து வெளியே வந்தான். தலையில் சாக்குத் தூசி. பங்குத்தந்தை அவனைப் பார்த்தார். அவனும் அவரைப் பார்த்தான்.

"தம்பி," என்றார் பங்குத்தந்தை கடைசியில். "தெரியாம கேட்டாலும், கேட்டது கேட்டதுதான். அது என்னைக் கட்டற மாதிரி உங்களையும் கட்டும்."

"ஃபாதர், நான் உங்க மதமே இல்ல."

"அதனால?"

ரேடியோ மேடத்தைப் பார்த்தான். ஒரு வாக்கியம் போதும், இந்தக் கிழவர் தப்பிப்பார். அந்த வாக்கியம் அவன் நாக்கின் நுனியில் நின்றது.

"சொல்லாதே," என்றார் மேடம். "உங்கிட்ட நான் எதுவும் கேக்கல, நீயும் எதுவும் கேக்கல. அவரைக் காப்பாத்தறதுக்கு உன் வாயை உபயோகிச்சா, தலைவர் சொன்னதுதான் உண்மைன்னு ஆயிடும். இந்தப் பெட்டியில சொன்னது வெளிய வரும்னு."

"அப்ப நமக்கு வேற வழி?"

மேடம் சட்டைப்பையிலிருந்து மோதிரத்தை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார். "பொட்டலம் ஒவ்வொண்ணும் ஆபத்துல இருக்கற ஆளோட இடத்துக்குப் போச்சு. இது ஃபாதர் நாற்காலிக்கு வந்துச்சு. யார் விரல் காலியா இருக்குன்னு பாக்கணும்."

*

அந்த விரல் கோயிலின் பின்கட்டில் பீடத்துணியை இஸ்திரி போட்டுக் கொண்டிருந்தது. தலைவரின் மனைவி. காற்றடித்தால் சாய்ந்துவிடுவது போன்ற உடம்பு. மோதிர விரலின் அடியில் வெயில் படாத வெளுத்த வளையம்.

மேடம் மோதிரத்தை இஸ்திரி மேசையின் ஓரத்தில் வைத்தார். அந்த அம்மாள் அதைத் தொடவில்லை.

"மருந்துக்கடைக்காரர் சாப்பிட்டாரா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லம்மா."

"அவர் என்னைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டார்." இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "பல்பு மாட்டிட்டு இருந்தேன். யாரோ பாவசங்கீர்த்தனம் பண்ற குரல் கேட்டுது. எழுந்து வர முடியல. ராத்திரி சாப்பிடும்போது, பெட்டியைத் தள்ளி வைங்க, எல்லாம் கேக்குதுன்னு இவர்கிட்ட சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். மறுநாள் இவரே முக்காலி செஞ்சு கொண்டு வந்தார். தலையணை கூட வாங்கிக் கொடுத்தார்."

ரேடியோ அந்தப் பூப்போட்ட தலையணையை நினைத்துப் பார்த்தான். கட்டிய மனைவிக்கு ஆசையாக வாங்கிய ஒரே பொருள் அதுவாகத்தான் இருக்கும்.

"கேட்டதை எல்லாம் வந்து சொல்லணும். சொல்லலைன்னா என்ன நடக்கும்னு உங்ககிட்ட சொல்ல எனக்குப் பிடிக்கல. அதான் ராத்திரி சொல்லிட்டு, விடிஞ்சதும் முடிஞ்சவங்களுக்கு ஒரு பொட்டலம் வைப்பேன். உங்க விஷயம் வெளிய போயிடுச்சு, ஜாக்கிரதைன்னு. ஃபாதருக்கு என் மோதிரம் வெச்சது, இதெல்லாம் இவர் வேலைன்னு அவருக்காவது புரியட்டும்னு."

"மிரட்டல் இல்ல," என்றார் மேடம் மெதுவாக. "எச்சரிக்கை."

"அவங்களுக்கு அப்படிப் படல. எனக்கு எழுதவும் பயம். கையெழுத்து இவருக்குத் தெரியும்."

"ஃபாதர்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமே?"

தலைவரின் மனைவி முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார். "எங்க போய்ச் சொல்றது? அந்தப் பெட்டியில பேசினா யார் யாருக்குக் கேக்கும்னு எனக்குத்தானே தெரியும்."

"சாயங்காலம் எல்லார் முன்னாடியும் சொல்வீங்களா?"

அவர் பீடத்துணியை மடித்தார். ஓரம் ஓரத்தோடு சேரவில்லை. பிரித்து மறுபடியும் மடித்தார்.

*

பங்கு மண்டபத்தில் உட்கார இடமில்லை. ஆயரின் செயலர் இளைஞர். முகத்தில் கண்ணாடியும் களைப்பும். பங்குத்தந்தை ஓரத்தில் ஒரு மடக்கு நாற்காலியில் குனிந்திருந்தார். தலைவர் பேசினார். இறைமக்கள் என்றார், புண்பட்ட உள்ளங்கள் என்றார், கண்ணாடி போன்ற நிர்வாகம் என்றார். தன் பெயரை அவர் தன் வாயால் மூன்றாம் மனிதர் மாதிரி குறிப்பிட்டபோது ரேடியோ வழக்கமாக ஏதாவது சொல்லியிருப்பான். இன்று நாக்கு எழவில்லை.

"ஃபாதர், நீங்க ஏதாவது?" என்றார் செயலர்.

பங்குத்தந்தை தலையசைத்தார். இல்லை.

"வேற யாராவது?"

மேடம் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் அந்த அம்மாள் எழாமலே இருந்துவிடுவார் என்று அவருக்குத் தெரியும். பின்வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது.

"மலைக்குள்ள இருந்து கேட்டது நான்," என்றார் தலைவரின் மனைவி. "ஃபாதர் யார்கிட்டயும் எதுவும் சொல்லல."

சலசலப்பு. தலைவர் பெருந்தன்மையாகச் சிரித்தார். "மன்னிக்கணும். என் வீட்டுக்காரிக்குக் கொஞ்ச நாளா உடம்பு சரியில்ல."

"டெய்லரக்கா," என்றார் அவர், கணவரைப் பார்க்காமல். "நீங்க சொன்னதை நான் சொல்ல மாட்டேன். அதுக்கு முன்னாடி நடந்ததை மட்டும் சொல்றேன். மண்டி போட்டதும் 'அம்மாடி, இந்த முட்டி'ன்னீங்க. ரெண்டு தடவை தும்மினீங்க. அப்புறம் உங்க அம்மா பேரைச் சொல்லி, கூட இரும்மான்னு கேட்டுக்கிட்டீங்க. சரியா?"

டெய்லரம்மா எழுந்து நின்றார். கையால் வாயைப் பொத்தியிருந்தார். தலை மட்டும் ஆமாம் என்று அசைந்தது.

செயலர் கண்ணாடியைக் கழற்றினார். "யார் உங்களை உள்ள உக்காரச் சொன்னது?"

அந்த அம்மாளின் கண்கள் கணவர் மேல் போய் நின்றன. அத்தனை தலைகளும் அதே திசையில் திரும்பின.

தலைவருக்குச் சும்மா இருக்கத் தெரிந்திருந்தால் தப்பித்திருப்பார். மனைவியின் சொல், தன்னுடைய சொல், நடுவே ஊமையாக ஒரு குரு. எந்த விசாரணையும் அங்கேயே முடங்கியிருக்கும். ஆனால் சட்டம் தெரிந்த மனிதர், தெரியும் என்பதைக் காட்டாமல் எப்படிப் போவார்?

"செயலர் அவர்களே, இதை நீங்க விசாரிக்கவே முடியாது," என்றார் கம்பீரமாக. "இதுக்கு எனக்கு இன்னிக்கு மத்தியானமே பாவமன்னிப்பு கிடைச்சாச்சு. ஆண்டவரே மூடின கோப்பு. ஃபாதரையே கேளுங்க."

மண்டபத்தில் யாரோ ஒருவர் இருமினார்.

"எதுக்கு மன்னிப்பு?" என்றார் செயலர்.

தலைவரின் வாய் திறந்தது. மூடியது. பங்குத்தந்தை தரையைப் பார்த்தபடியே இருந்தார். அவர் கண்ணிமை கூட அசையவில்லை.

"ஃபாதரை நான் எதுவும் கேக்கப் போறதில்ல," என்று செயலர் எழுந்தார். "அவர் இங்கயேதான் இருப்பார். நீங்க மட்டும் என்கூட ஆயர் இல்லத்துக்கு வாங்க."

வெளியே வரும்போது தலைவர் மேடத்தின் அருகில் ஒரு கணம் நின்றார். குரலைத் தாழ்த்த அவருக்கும் வரும் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"அவ பொட்டலம் வைக்காத ஆளுங்களும் இருக்காங்க. அவங்க விஷயமெல்லாம் என் தலைக்குள்ள இருக்கு. யார்னு உங்களுக்குத் தெரியாது. அவங்களுக்கும் தெரியாது. நல்லபடியா கிறிஸ்துமஸ் கொண்டாடச் சொல்லுங்க."

கார்க் கதவு சாத்திக்கொண்டது. ரேடியோ கலைந்து போகிற கூட்டத்தைப் பார்த்தான். சிரித்துக்கொண்டு ஒருவர், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒருவர், விளக்குத் தோரணத்தைச் சுருட்டிக்கொண்டு ஒருவர். இதில் யார்?

"எனக்குத் தெரியும்," என்றார் பின்னால் நின்ற தலைவரின் மனைவி. சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "அவருக்கு முன்னாடி நானே போய்ச் சொல்லிடறேன், ஒவ்வொரு வீடா. காறித் துப்பினாலும் பரவாயில்ல. இன்னிக்கு எனக்குப் போக வேற வீடு இல்ல." பிறகு ரேடியோவைப் பார்த்தார். "தம்பி, துணைக்கு வரியா?"

அவன் மேடத்தைக் கேட்காமலே நடந்தான்.

மருந்துக்கடை இருட்டாக இருந்தது. அதன் மாடியில் வீடு. படியேறி அந்த அம்மாள் கதவைத் தட்டினார். உள்ளே அசைவில்லை. மறுபடி தட்டினார். தெருவில் கோயில் பாடகர்கள் ஏதோ ஒத்திகை பார்த்துக்கொண்டு போனார்கள். பாட்டு தேய்ந்து மறைந்த பிறகும் கதவு அப்படியே இருந்தது. ரேடியோ கையை ஓங்கினான், கதவை உடைக்கலாமா என்று.

"இரு," என்றார் அவர். கதவில் நெற்றியை வைத்து, உள்ளே கேட்கும்படி சொன்னார். "அண்ணே, சீசா வெச்சது நான். பயமுறுத்த இல்ல. கேட்ட பாவி நான்தான். கதவைத் திறந்து என்னைத் திட்டுங்க."

பிறகு உள்ளே, அவர் எழுந்திருக்கும் அசைவில், கட்டில் தரையை உரசி நகர்ந்தது.